ஒத்தையா, ரெட்டையா?

தேனி மாவட்டத்துத் தேவாரத்தில் பொழுது கொஞ்சம் முந்தியே சாயும். ஊருக்கு மேற்கே மலை, சுவர் வைத்ததுபோல நிற்கிறது. பஞ்சாங்கப்படி சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்கும். மலை அதை முன்னதாகவே வாங்கி ஒளித்துக்கொள்ளும். கிழக்கே சின்னமனூர்ப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே வீடுகளில் லைட் போடத் தொடங்கிவிடுவார்கள். பல வீடுகளில் முதலில் எரிவது மாடிப்படி விளக்குதான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் படிக்கட்டு இரண்டு சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறும். அங்கே பகலிலேயே அரை இருட்டு.

அப்படி ஒரு வீட்டில் புதிதாக மாடி எடுத்தார்கள். வயரிங் வேலை முடிந்த அன்று அந்த வீட்டு அப்பத்தா ஒயர்மேனிடம் ஒரு குறை சொன்னார்.

“எல்லாச் சுவிட்ச்சும் கீழ தட்டுனா எரியுது, மேல தட்டுனா அணையுது. இந்தப் படிச் சுவிட்ச்சு மட்டும் ஒருநேரம் இப்பிடி, ஒருநேரம் அப்பிடி. கெட்டுப்போச்சாப்பா?”

“கெடல அப்பத்தா. இதுக்கு ஆனும் கிடையாது, ஆஃபும் கிடையாது. தட்டுனா மாறும், அம்புட்டுத்தான்.”

ஒயர்மேன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ‘தட்டுனா மாறும்’ என்று அவர் போகிற போக்கில் சொன்னதற்குள் ஒரு கணிதக் கருத்து முழுதாக இருக்கிறது. கம்ப்யூட்டர் இரண்டு எண்களைக் கூட்டுவதும் அதே கருத்தைக் கொண்டுதான். அதை நாம் படிக்கட்டிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சாதாரண சுவிட்ச் இரண்டு போதாதா?

ஒரு விளக்கு, இரண்டு இடம். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் முடிந்ததே என்றுதான் தோன்றும். வைத்துப் பார்ப்போம்.

சாதாரண சுவிட்ச் என்பது வாய்க்காலில் இருக்கும் ஒரு மதகு. திறந்தால் தண்ணீர் போகும், அடைத்தால் நிற்கும். முதல் வழி, ஒரே வாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மதகு வைப்பது. மின்சாரத்தில் இதைத் தொடர் இணைப்பு என்கிறோம். தண்ணீர் வயலுக்குப் போக இரண்டு மதகும் திறந்திருக்க வேண்டும். மாடியில் இருப்பவர் தன் சுவிட்ச்சை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டால், கீழே இருப்பவர் என்ன தட்டினாலும் விளக்கு எரியாது.

இரண்டாவது வழி, இரண்டு தனி வாய்க்கால் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மதகு வைத்து, வயலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இது பக்க இணைப்பு. எந்த மதகைத் திறந்தாலும் தண்ணீர் வரும். இப்போது தொல்லை வேறு பக்கம் வந்துவிடுகிறது. கீழே போட்டுக்கொண்டு மேலே ஏறியவர் அங்கிருந்து அணைக்க முடியாது. அணைக்க வேண்டுமென்றால் மறுபடி கீழே இறங்க வேண்டும். இறங்கி அணைத்துவிட்டு இருட்டில் ஏற வேண்டும்.

தொடர் இணைப்பு ‘இதுவும் அதுவும்’ என்று கேட்கிறது. பக்க இணைப்பு ‘இதுவோ அதுவோ’ என்று கேட்கிறது. இரண்டிலும் ஒரு சுவிட்ச் இன்னொன்றின் கையைக் கட்டிப்போட முடிகிறது. படிக்கட்டுக்குத் தேவை, இரண்டு சுவிட்ச்சுக்கும் எப்போதும் சம உரிமை. மற்றது எந்த நிலையில் இருந்தாலும் சரி, நான் தட்டினால் விளக்கின் நிலை மாற வேண்டும். ‘உம்’, ‘ஓ’ என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தேவையை எழுத முடியாது. மூன்றாவதாக ஒரு சொல் வேண்டும்.

மூன்று ஸ்குரூ

கடையில் ‘டூ வே சுவிட்ச்’ என்று கேட்டு வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சாதாரண சுவிட்ச்சில் ஒயர் மாட்ட இரண்டு ஸ்குரூ, இதில் மூன்று. அவற்றில் ஒன்று பொது முனை. பழைய மாதிரிச் சுவிட்ச்சுகளில் பெரும்பாலும் நடுவில் இருக்கும். சுவிட்ச்சை ஒரு பக்கம் தட்டினால் பொது முனை ஒரு முனையோடு சேரும். மறுபக்கம் தட்டினால் அதை விட்டுவிட்டு இன்னொன்றோடு சேரும். எந்தப் பக்கம் தட்டினாலும் ஏதோ ஒன்றோடு சேர்ந்துதான் இருக்கும். அதாவது இந்தச் சுவிட்ச் எதையும் அடைப்பதில்லை, வழியைத்தான் மாற்றிவிடுகிறது.

தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு மலையேறும் நடைபாதை ஒன்று உண்டு. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நெடுங்காலமாக ஏறிய வழி அது. வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றிக்கொண்டு போக வேண்டும். கணக்குக்காக, அடிவாரத்துக்கும் மெட்டுக்கும் நடுவே இரண்டு பாதைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: இடப்பாதை, வலப்பாதை. அடிவாரத்தில் ஒரு காவலர். அவர் ஒரு பாதையைத் திறந்தால் மற்றது அடைபடும். மெட்டிலும் அதேபோல ஒரு காவலர். கீழே இடது திறந்து, மேலேயும் இடது திறந்திருந்தால் ஆள் போய்ச் சேருவார். இருவரும் வலதைத் திறந்திருந்தாலும் சேருவார். ஒருவர் இடது, மற்றவர் வலது என்றால் ஏறியவர் மேலே போய் மூடிய கதவில் முட்டிக்கொண்டு நிற்பார்.

கீழ்ச் சுவிட்ச்சின் பொது முனைக்கு ஃபேஸ் வருகிறது. மேல் சுவிட்ச்சின் பொது முனையிலிருந்து ஒயர் விளக்குக்குப் போகிறது. விளக்கின் மறுமுனை நியூட்ரலில். இரண்டு சுவிட்ச்சுகளுக்கும் நடுவே சுவருக்குள் இரண்டு ஒயர்கள் ஓடுகின்றன. அவைதான் இடப்பாதையும் வலப்பாதையும். மொத்தம் நான்கே நிலைகள்: இடது–இடது, வலது–வலது, இடது–வலது, வலது–இடது. முதல் இரண்டில் விளக்கு எரியும். பின் இரண்டில் எரியாது. நான்கில் எதில் இருந்தாலும், ஏதாவது ஒரு காவலர் மனம் மாறினால் எரிவது அணையும், அணைந்தது எரியும். இருவரில் யார் மாறினார் என்பது பொருட்டல்ல.

அப்பத்தாவின் குறைக்கு விடை இதுதான். நம் நாட்டில் சுவிட்ச்சைக் கீழே தட்டினால் ஆன், மேலே தட்டினால் ஆஃப். அமெரிக்காவில் இதற்குத் தலைகீழ். எந்த ஊர் வழக்கமானாலும் டூ வே சுவிட்ச்சில் அது செல்லாது. அதன் ‘கீழ்’ நிலைக்குத் தனியாகப் பொருள் இல்லை. மற்ற சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பொருள் வரும். விளக்கைப் பற்றிய செய்தி எந்தச் சுவிட்ச்சுக்குள்ளும் இல்லை. இரண்டுக்கும் இடையிலான உறவில் இருக்கிறது.

புளியங்கொட்டைக் கணக்கு

திண்ணையில் பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டு நினைவிருக்கும். கையில் கொஞ்சம் புளியங்கொட்டையை மூடி வைத்துக்கொண்டு, “ஒத்தையா, ரெட்டையா?” என்று கேட்பது. எத்தனை கொட்டை என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றும் ஒன்றுதான், பதினேழும் ஒன்றுதான். ரெண்டு ரெண்டாகத் தள்ளினால் கடைசியில் ஒன்று மிஞ்சுகிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி.

மாடிப்படி விளக்கு ஆடுவதும் இதே ஆட்டம். காலையில் அது அணைந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். பகல் முழுவதும் வீட்டில் யார் யாரோ கீழேயும் மேலேயும் தட்டியிருப்பார்கள். இரவில் விளக்கு எரிகிறதா என்று தெரிந்துகொள்ள, யார் தட்டினார், எங்கே தட்டினார், எந்த வரிசையில் தட்டினார் என்ற எதுவும் வேண்டாம். மொத்தம் எத்தனை தட்டு என்பதுகூட வேண்டாம். ஒத்தைப்படையா, ரெட்டைப்படையா? ஒத்தை என்றால் எரியும். ரெட்டை என்றால் அணைந்திருக்கும்.

இதைத்தான் நாம் தேடினோம். ‘இதுவும் அதுவும்’, ‘இதுவோ அதுவோ’ ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது சொல், ‘இரண்டில் ஒன்று மட்டும்’. இரண்டும் இருந்தால் ஆகாது. இரண்டும் இல்லாவிட்டாலும் ஆகாது. ஒன்று மட்டும் மாறியிருக்க வேண்டும். கணிதத்தில் இதை ஒற்றை–இரட்டைத்தன்மை என்பார்கள். மின்னணுவியல் பாடத்தில் ‘எக்ஸ்-ஆர்’ என்பார்கள்.

நடுவில் நிற்கும் சுவிட்ச்

வீட்டுக்கு இன்னொரு மாடி எடுக்கிறார்கள். இப்போது ஒரே விளக்குக்கு மூன்று இடத்தில் சுவிட்ச் வேண்டும். மூன்றாவதாகவும் ஒரு டூ வே சுவிட்ச் வைக்கலாமா என்றால், அது நடக்காது. பாதை இரண்டாகப் பிரியும் இடம் ஒன்று, சேரும் இடம் ஒன்று, அவ்வளவுதான். நடுவில் நிற்கிறவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது ‘இன்டர்மீடியட் சுவிட்ச்’. இதில் நான்கு முனைகள். கீழிருந்து வரும் இரண்டு ஒயர்கள் ஒருபுறம், மேலே போகும் இரண்டு ஒயர்கள் மறுபுறம். ஒரு நிலையில் இடது இடதோடும் வலது வலதோடும் நேராகச் சேரும். தட்டினால் குறுக்காக மாறும்: இடது வலதோடு, வலது இடதோடு. மலைப்பாதையில் சொன்னால், பாதிவழியில் ஒரு திட்டு. அங்கே நிற்பவர் எந்தப் பாதையையும் அடைக்க மாட்டார். இடப்பாதையில் வந்தவரை இடப்பாதையிலேயே அனுப்புவார், அல்லது வலப்பாதைக்கு மாற்றிவிடுவார்.

இப்படி ஒரு குறுக்கு விழுந்ததும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தவர் மூடிய கதவில் முட்டுவார். முட்டிக்கொண்டிருந்தவர் திறந்த கதவுக்குப் போவார். இரண்டு முறை குறுக்கே போட்டால் பழையபடி நேராகிவிடும். எனவே ஒத்தை–ரெட்டைக் கணக்கு அப்படியே நிற்கிறது. நான்கு இடம் வேண்டுமா? நடுவில் இரண்டு இன்டர்மீடியட். பத்து இடம் வேண்டுமா? நடுவில் எட்டு. முதலிலும் கடைசியிலும் மட்டும் டூ வே. விதி வளர்வதே இல்லை, ஒயர்தான் வளர்கிறது.

சுவிட்ச் கூடக்கூட நிலைகளின் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். இரண்டு சுவிட்ச்சுக்கு 4, மூன்றுக்கு 8, நான்குக்கு 16, பத்துக்கு 1,024. அதில் சரிபாதியில் விளக்கு எரியும், சரிபாதியில் எரியாது. ஒரு தட்டு, எரியும் நிலையிலிருந்து எரியாத நிலைக்குத்தான் கொண்டுபோகும். சதுரங்கப் பலகையில் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தால் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத்தான் போக முடியும் என்பதுபோல.

மதுரையில் பிறந்தவரின் விதி

சுவிட்ச்சுகளையும் ‘உம், ஓ, அல்ல’ என்ற சொற்களையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறோம். இந்தச் சொற்களுக்கு இயற்கணிதம் எழுதியவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊரில் பிறந்தவர். அகஸ்டஸ் டி மார்கன், 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை கிழக்கிந்திய கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதமானபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பிறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கண் பார்வையை இழந்த அந்தக் குழந்தை பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர் ஆனது. தேவாரம் தேனி மாவட்டத்துக்குப் போனது 1996இல்தான். அதுவரை மதுரை மாவட்டம். அந்தக் கணக்கில் டி மார்கன் தேவாரத்துக்காரர்களுக்கு ஒரே மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாடலாம்.

டி மார்கன் விதியை ஒயர்மேன் தினமும் பயன்படுத்துகிறார், பெயர் தெரியாமல். தொடர் இணைப்பில் விளக்கு எரியவில்லை. ‘இரண்டும் ஒருசேர ஆனில் இல்லை’ என்று அதைச் சொல்லலாம். ‘இதாவது அதாவது ஆஃபில் இருக்கிறது’ என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதான். பக்க இணைப்பில் விளக்கு எரியவில்லை என்றால் ‘இதுவும் ஆஃப், அதுவும் ஆஃப்’. ‘அல்ல’ என்ற சொல் உள்ளே நுழையும்போது ‘உம்’ ‘ஓ’வாகவும், ‘ஓ’ ‘உம்’மாகவும் மாறிவிடுகின்றன. விதி இவ்வளவுதான்.

டி மார்கனின் நண்பர் ஜார்ஜ் பூல் இன்னும் ஒரு படி மேலே போனார். இருவரும் தர்க்கம் பற்றி எழுதிய நூல்கள் 1847 நவம்பரில் வெளிவந்தன. உண்மையை 1 என்றும் பொய்யை 0 என்றும் எழுதிக் கூட்டிப் பெருக்கலாம் என்று காட்டினார் பூல். அப்போது வீடுகளில் மின்விளக்கு இல்லை. மின்சாரத்துக்கும் இந்தத் தர்க்கத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றக் காரணமும் இல்லை.

சம்பந்தத்தை வெளிப்படையாக எழுதியவர்களில் முக்கியமானவர் கிளாட் ஷானன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, ரிலேக்கள், அதாவது மின்சாரமே தட்டிவிடும் சுவிட்ச்சுகள், நிறைந்த ஒரு பெரிய கணக்கு இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. 1937இல், 21 வயதில், அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு சொன்னது இது: மூடிய சுவிட்ச், திறந்த சுவிட்ச் என்பதை 0, 1 என்று எழுது, தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் பூலின் இயற்கணிதத்துக்குள் அடங்கிவிடும். பிறகு ஒயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டாம். காகிதத்தில் சமன்பாட்டைச் சுருக்கினால் சுற்றும் சுருங்கும். ஒரு விளக்கைப் பல இடங்களிலிருந்து இயக்கும் சுற்றையும் அவர் தொட்டுச் செல்கிறார். எந்த ஒரு சுவிட்ச்சைத் தட்டினாலும் ‘1’களின் எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது குறையும், அதனால் விளக்கு மாறும் என்ற அதே கணக்குத்தான் அங்கேயும்.

டூ வே சுவிட்ச்சின் கெட்டிக்காரத்தனம் இப்போது தெளிவாகத் தெரியும். சாதாரண சுவிட்ச் ‘ஆம்’ என்று மட்டும் சொல்லும். டூ வே சுவிட்ச்சின் ஒரு முனை ‘ஆம்’ என்கிறது. மறுமுனை அதே நொடியில் ‘அல்ல’ என்கிறது. நடுவில் ஓடும் ஒரு ஒயர் ‘இதுவும் அதுவும்’. இன்னொரு ஒயர் ‘இதுவும் அல்ல, அதுவும் அல்ல’. இரண்டும் பக்க இணைப்பாகச் சேர்ந்து ‘ஓ’ ஆகின்றன. மூன்றாவது ஸ்குரூவின் விலைக்கு ‘அல்ல’ என்ற சொல் கிடைத்துவிட்டது.

அதே 1937இல், பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் தன் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு ரிலே, சிறு பல்புகள், புகையிலை டப்பாவிலிருந்து வெட்டிய தகடு ஆகியவற்றை வைத்து ஒரு கூட்டல் கருவி செய்தார். இரண்டே இலக்கங்கள் கொண்ட எண்முறையில் 0-உம் 0-உம் கூட்டினால் 0. 0-உம் 1-உம் கூட்டினால் 1. 1-உம் 1-உம் கூட்டினால் ‘10’, அதாவது ஒன்றாம் இடத்தில் 0, மீதி 1. ஒன்றாம் இடத்தை மட்டும் பாருங்கள்: ஒன்று மட்டும் இருந்தால் 1, இரண்டும் இருந்தால் 0. அது மாடிப்படி விளக்கு. மீதியாகப் போகும் 1, இரண்டும் இருந்தால்தான் வரும். அது நாம் முதலில் ஒதுக்கிய தொடர் இணைப்பு. உங்கள் கைப்பேசி எண்களைக் கூட்டுவது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

செய்தி அனுப்பும்போது பிழை பார்ப்பதற்கும் ஒத்தை–ரெட்டை உதவுகிறது. அனுப்பும் 1களின் எண்ணிக்கை எப்போதும் ரெட்டையாக வரும்படி கடைசியில் ஒரு இலக்கம் சேர்த்து அனுப்புவார்கள். வழியில் ஒன்று புரண்டுவிட்டால் எண்ணிக்கை ஒத்தையாகி, பிழை தெரிந்துவிடும். ஆனால் இரண்டு புரண்டால் தெரியாது. கீழே ஒருவரும் மேலே ஒருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் விளக்கு இருந்தபடியே இருக்கிறதல்லவா, அதுபோல.

போடியின் இருட்டு

யார், எங்கே தட்டினார் என்பதை மாடிப்படி வயரிங் மறந்துவிடுகிறது. எல்லா வயரிங்கும் அப்படி மறதி கொண்டதல்ல. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் மாணவர் பலகையில் போட்டுப் பழகும் பாடங்களில் ‘மாடிப்படி வயரிங்’ ஒன்று, ‘கோடவுன் வயரிங்’ இன்னொன்று. இரண்டாவதைப் புரிந்துகொள்ள வடக்கே போடிக்குப் போக வேண்டும்.

மேலே மலையில் விளையும் ஏலக்காய் கீழே வந்து விலைபோகும் ஊர் போடிநாயக்கனூர். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கேயும், மலைக்கு அந்தப்புறம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. ஏலக்காய்க்கு விலை அதன் பச்சை நிறத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் பச்சை வெளிறும். அதனால் கறுப்பு பாலித்தீன் உள்ளுறை போட்ட சாக்குகளில், இருட்டான இடத்தில் வைப்பார்கள். இப்படிப்பட்ட நீளக் கோடவுனுக்குள் நடக்கிறவருக்குத் தன் தலைக்கு மேலே மட்டும் வெளிச்சம் இருந்தால் போதும்.

கோடவுன் வயரிங் அதைத் தருகிறது. வாசலில் ஒரு சாதாரண சுவிட்ச்; உள்ளே வரிசையாக டூ வே சுவிட்ச்சுகள். வாசலில் போட்டால் முதல் விளக்கு எரியும். நடந்துபோய் அடுத்த சுவிட்ச்சைத் தட்டினால் முதல் விளக்கு அணைந்து இரண்டாவது எரியும். அடுத்ததைத் தட்டினால் இரண்டாவது அணைந்து மூன்றாவது. திரும்பி வரும்போது அதே சுவிட்ச்சுகளைத் தட்டிக்கொண்டே வந்தால் விளக்குகள் பின்னோக்கி நகர்ந்து, கடைசியில் வாசலில் எல்லாம் அணையும். மறந்துபோய் எரியவிட்ட விளக்கு என்று ஒன்று இருக்காது.

சுவிட்ச் அதே சுவிட்ச்தான்; இணைத்த விதம் வேறு. ஒவ்வொரு டூ வே சுவிட்ச்சும் வந்த மின்சாரத்தைத் தன் விளக்குக்குக் கொடுக்கும், அல்லது அடுத்தவருக்குத் தள்ளிவிடும். இங்கே வரிசை முக்கியம். ஒரே ஆள் நடக்கிறார் என்று எண்ணிப் போட்ட சுற்று இது. அவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் வந்து வாசல் சுவிட்ச்சைத் தட்டினால் உள்ளே இருப்பவர் இருட்டில் நிற்பார். மாடிப்படி வயரிங் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும், ஏனென்றால் அது யாரையும் நினைவில் வைப்பதில்லை. கோடவுன் வயரிங் நடப்பவரைப் பின்தொடர்கிறது. அதனாலேயே ஒருவரைத்தான் தாங்கும்.

தர்க்கத்துக்கு ஷாக் அடிக்காது

இதுவரை சொன்னதெல்லாம் காகிதத்தில் நடந்தது. சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட்.

காகிதத்தில் சுவிட்ச் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். உண்மையில் நடுவே ஒரு கணம் இருக்கிறது. தொடுமுனை மெதுவாக விலகினால் அந்த இடைவெளியில் தீப்பொறி நின்று எரிந்து உலோகத்தைத் தின்னும். 1884இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் செய்த சுவிட்ச், விரல் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் ஸ்பிரிங் தொடுமுனையை வெடுக்கென்று பிரிக்கும்படி அமைந்தது. நாம் கேட்கும் ‘டக்’ அந்த ஸ்பிரிங்கின் சத்தம். 0, 1 என்ற இரண்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்று இயற்கையைச் சம்மதிக்க வைக்கும் சத்தம்.

மூன்று ஸ்குரூவில் ஒன்றை மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? மேல் சுவிட்ச்சில் பொது முனையில் மாட்ட வேண்டிய விளக்கு ஒயரை ஓர முனையில் மாட்டிவிட்டார்கள். அங்கே வர வேண்டிய ஒயர் பொது முனைக்குப் போய்விட்டது. நான்கு நிலைகளில் ஒன்றில் மட்டும் விளக்கு எரியும். “கீழ இந்தப் பக்கம் இருந்தாத்தான் மேல வேலை செய்யுது” என்று வீட்டார் சொன்னால் ஒயர்மேன் முதலில் பார்ப்பது பொது முனையைத்தான். ஒரு ஸ்குரூ தப்பியதில் ‘இரண்டில் ஒன்று மட்டும்’ மறுபடி ‘இதுவும் அதுவும்’ ஆகிவிட்டது.

இதைவிட மோசமானது, சரியாக வேலை செய்யும் தப்பு. கீழேயும் மேலேயும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் பக்கத்திலேயே இருந்தால் ஒயரை மிச்சப்படுத்தச் சிலர் குறுக்கு வழி கண்டார்கள். ஒவ்வொரு டூ வே சுவிட்ச்சிலும் ஓர முனைகளில் ஒன்றில் ஃபேஸ், இன்னொன்றில் நியூட்ரல். பொது முனைகள் இரண்டுக்கும் நடுவே விளக்கு. ஒருபக்கம் ஃபேஸும் மறுபக்கம் நியூட்ரலும் வந்தால் எரியும். இருபக்கமும் ஒன்றே வந்தால் எரியாது. காகிதத்தில் அதே ஒத்தை–ரெட்டை. ஷானனின் சமன்பாட்டில் குறையே இல்லை. ஆனால் ‘எரியாத’ நிலைகளில் ஒன்றில் ஹோல்டரின் இரு முனைகளிலும் ஃபேஸ் நிற்கிறது. விளக்கு அணைந்திருக்கிறதே என்று பல்பைக் கழற்றக் கை வைத்தால் முடிந்தது. தவிர, ஒரே சுவிட்ச்சுக்குள் ஃபேஸும் நியூட்ரலும் ஒரு மயிரிடைத் தூரத்தில் எதிரெதிரே நிற்கின்றன. பொறி தாவினால் நேரடி ஷார்ட் சர்க்யூட். நியூட்ரலில் தனிச் சுவிட்ச் கூடாது என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. ஃபேஸைத்தான் துண்டிக்க வேண்டும். தர்க்கத்துக்கு ஷாக் அடிக்காது, நமக்கு அடிக்கும். இந்த வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவரும் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் போர்டில் கை வைப்பார்.

கடைசியாக ஒரு புதுப் புதிர். எல்.இ.டி. பல்பு வந்த பிறகு பல வீடுகளில் மாடிப்படி விளக்கு அணைத்த பிறகும் மங்கலாக மினுங்குகிறது, அல்லது விட்டு விட்டுச் சிமிட்டுகிறது. பேயும் இல்லை, ஒயர் கசிவும் இல்லை. விளக்கு அணைந்திருக்கும்போது நடுவில் ஓடும் இரண்டு ஒயர்களில் ஒன்றில் ஃபேஸ் இருக்கிறது. மற்றது விளக்கோடு சேர்ந்து சும்மா கிடக்கிறது. ஒரே பைப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு ஒயர்கள், நடுவில் பிளாஸ்டிக் உறை: இது ஒரு மின்தேக்கி. மாறுதிசை மின்சாரம் மின்தேக்கியைத் தாண்டும். மீட்டருக்கு நூறு பிக்கோஃபாரடு என்று வைத்து, பத்து மீட்டர் ஒயருக்குக் கணக்குப் போட்டால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 70 மைக்ரோ ஆம்பியர் வருகிறது. பழைய 60 வாட் குண்டு பல்புக்கு இது தேவையில் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அது கண்டுகொள்ளவே இல்லை. எல்.இ.டி.யோ அந்தத் துளியையும் சேர்த்து வைத்து ஒரு சிமிட்டலாகச் செலவு செய்கிறது. பாதைகள் இரண்டும் தனித்தனி என்று காகிதத்தில் வரைந்தோம். அவை பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன என்பதை எல்.இ.டி. நினைவுபடுத்துகிறது.

கரண்ட் போனபோது

ஒரு சாயங்காலம் தேவாரத்தில் கரண்ட் போகிறது. மலை ஏற்கெனவே வெயிலை எடுத்துக்கொண்டுவிட்டது. படிக்கட்டு கும்மிருட்டு. மாடியிலிருந்து பேரன் தடவிக்கொண்டே வந்து, பழக்கதோஷத்தில் மேல் சுவிட்ச்சைத் தட்டுகிறான். எரியவில்லை. மறுபடி தட்டுகிறான். கீழே அப்பத்தாவும் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். பேரன் இறங்கி வந்து, சும்மா இருக்க முடியாமல், கீழேயும் ஒன்று தட்டுகிறான். எத்தனை தட்டு என்று யாரும் எண்ணவில்லை.

ஆனாலும் கணக்கு நின்றுவிடவில்லை. மின்சாரம் இல்லாத நேரத்திலும் அந்த இரண்டு சுவிட்ச்சுகளும் ஏதோ ஒரு நிலையில், ஏதோ ஒரு உறவில் இருக்கின்றன. விடை சுவருக்குள் தயாராக இருக்கிறது; காட்டத்தான் வெளிச்சமில்லை. இருட்டில் இருவரும் படியில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

“வந்தா எரியுமாடா, எரியாதா?” என்கிறார் அப்பத்தா.

மூடிய கைக்குள் புளியங்கொட்டை.